ஆறு, இருபத்துநாலு முழம்

அனுமதி ஆணையில் ஒன்பது நிபந்தனைகள்.
ஐந்தாவது: அரசியல், சாதி, ஆளைக் குறித்த கேலி
பாட்டிலோ வசனத்திலோ வரக் கூடாது.
வருகிறதா என்று எழுத
நோட்டோடு நான், பாலக்கோட்டு ஸ்டேஷன் ஏட்டம்மா.

மாதன் கொட்டாயில் மாரியம்மன் பண்டிகை.
தக்காளிக் கிரேடுகளைக் கவிழ்த்து
அதன்மேல் பலகை, அதன்மேல் அரண்மனை.
ஆற்றை அடகு வைத்த ராஜாவின் கதை.
ராஜா சென்றாயன். வெள்ளிக்கிழமை வரைக்கும்
பெங்களூரில் சென்ட்ரிங் வேலை.
கட்டைவிரல் நகம் கறுத்திருக்கிறது,
செங்கோல் பிடிக்கும்போது தெரியும்.
முன்வரிசையில் குவாரிக்காரர்.
பண்டிகைச் செலவில் பாதி அவருடையது.

ஒன்பது இருபது: வட்டி பற்றி மந்திரி ஒரு விருத்தம்.
எழுதினேன். அடித்தேன்.
வட்டி எந்த ராஜ்ஜியத்தில் இல்லை?
ஒன்பதே முக்கால்: பபூன் தீர்த்தகிரி
என்னைப் பார்த்துக் கும்பிட்டு,
"அஞ்சாவது நிபந்தனைக்கு வணக்கமுங்க" என்று
துண்டால் வாயைக் கட்டிக்கொண்டான்.
அப்புறம் அவன் பேசவேயில்லை.
பேசாத ஒவ்வொரு முறையும் ஜனம் சிரித்தது.
பேசாததை எந்தப் பத்தியில் எழுதுவது?

சிரித்தால் எங்கள் பக்கம் பல் தெரியும்.
பழுப்பாய், வரிவரியாய்,
போர்த் தண்ணீர் கிழித்த கோடு.
எனக்கும் உண்டு.
அடையாள அட்டையில் உதட்டை மூடியிருப்பேன்.

பத்து மணிக்கு மைக் அணைந்தது. நிபந்தனை ஒன்று.
தொண்டைக்கு நிபந்தனை இல்லை.
பிறகு ஆறு வந்தது.

இரண்டு பையன்கள் இரு முனை பிடித்து உதற
மேடை முழுக்க நீலம்.
அடகுக்காரன் முழம் போட்டான்:
முழம் ஒண்ணு மீனோடு,
முழம் ரெண்டு நிலாவோடு.
முழத்துக்கு ஒரு கட்டை ஏறியது ஆர்மோனியம்.
பின்னாலிருந்து ஃபோகஸ் லைட் விழுந்தபோது
நீலத்துக்குள்ளிருந்து எழுத்துகள் எழுந்தன,
வலமிருந்து இடமாக.
வீட்டுக்கு வீடு குடிநீர்.
ஒரு தையல்.
வீட்டுக்கு வீடு குடிநீர்.
ஒரு தையல்.
நாலு தேர்தலின் நாலு துணி.
சின்னம் நாலு, வாக்கியம் ஒன்று,
எல்லாக் 'கு'வுக்கும் ஒரே வால்.

முன்னால் உட்கார்ந்திருந்த ஒரு பிள்ளை
எழுத்துக் கூட்டிச் சத்தமாகப் படித்தது:
ர்... நீ... டி... கு.
எவரும் சிரிக்கவில்லை.
குவாரிக்காரர் போன் பேச எழுந்து போனார்.
போன் அடித்ததாக எனக்குக் கேட்கவில்லை.

ஆர்மோனியம் காவேரியை விசாரித்தேன்.
"ஆமாங்க, எழுதினது நான்தான். நாலு பேருக்கும்.
ரெண்டு பேரு இன்னும் கூலி தரல.
எழுத்து மறையற அளவுக்குச் சாயம் வாங்கக் காசு பத்தல.
அதையும் எழுதிக்குங்க."

இன்ஸ்பெக்டர் போனில் கேட்டார்.
பேசினது யாரு?
யாரும் பேசல சார்.
பாடினது?
பாட்டுல மீனும் நிலாவும்தான் சார்.
அப்ப யாரு?
ஆறு சார்.
கொஞ்ச நேரம் மூச்சு மட்டும்.
கைப்பற்றிட்டு வா.

ராயக்கோட்டைப் பக்கமிருந்து பனி இறங்கிக்கொண்டிருந்தது.
டெம்போவில் கிரீடங்கள் ஒரு சாக்கில்,
பக்கத்தில் முனை பிடித்த பையன்களில் சின்னவன்
ஆற்றை மடித்துப் போர்த்தித் தூங்குகிறான்.
தோளில் வீட்டுக்கு.
முழங்காலில் குடி.
நீர் அவனுக்கு அடியில் எங்கேயோ.
ஓரத்தைப் பிடித்து இழுத்துப் பார்த்தேன்.
மேடையில் பிடித்ததைவிட இறுக்கமாகப்
பிடித்துக்கொண்டான்.

கைப்பற்றிய பொருள்: இல்லை.
காரணம் என்ற கட்டத்தில் பேனா கொஞ்சம் நின்றது.
ஆறு ஈரமாக இருந்தது, என்று எழுதினேன்.
பொய்யில்லை.
பனி.