பெயர் நீக்கம்

தண்டையார்பேட்டை ரேஷன் அலுவலகத்தில்
மூன்றாவது கவுன்ட்டர்.
மின்விசிறி சுற்றுகிறது, காற்று வேறு யாருக்கோ போகிறது.
இறப்புச் சான்றிதழ், ஆதார் நகல், அட்டை.
"யாரு பேர எடுக்கணும்?"
தனகோட்டி, என்கிறேன். என் மாமியார்.
"குடும்பத் தலைவியா?"
திரையை விட்டுக் கண்ணெடுக்காமல் கேட்கிறார்.
ஆமாம்.
எண்பத்தொன்பது வயது வரைக்கும்.

அட்டைப் படத்தில் கண்ணை மூடியிருப்பாள்.
இன்னொன்று எடுக்கிறேன் என்று போட்டோக்காரப் பையன் கெஞ்சியதற்கு
"தொறந்து பாத்ததெல்லாம் போதும், வுடு" என்று
நாற்காலியை விட்டு எழுந்து போனவள்.

காசிமேட்டில் இறால் உரித்த கை அது.
விடிய இரண்டு மணி நேரம் இருக்கையிலே
ஐஸ் உருகி ஓடும் சிமென்ட் தரையில் குந்தி
கிலோவுக்கு இவ்வளவு என்று.
மில்லில் கதவடைப்பு என்று வந்து
கட்டிலில் படுத்த ஏகாம்பரம் மாமா
எழுந்திருக்க நாலு வருஷம் ஆனதாம்.
இதை அவள் சொல்லி நான் கேட்டதில்லை.
மூத்த நாத்தனார் சொன்னது,
அதுவும் ஒரு சண்டையில்.

என் கொலுசைக் கேட்காமல் எடுத்துக்கொண்டுபோய்
மச்சாண்டார் மகளின் காலேஜ் பீசுக்கு அடகு வைத்தாள்.
நான் இரண்டு நாள் சாப்பிடவில்லை.
மூன்று வருஷம் கழித்து ஒரு காலை
என் தலையணைக்கடியில் சில்லென்று ஏதோ.
அன்றைக்கும் அவள் ஒன்றும் பேசவில்லை,
நானும்.

பெரிய வெள்ளிக்கிழமை
ராயபுரம் கோயிலிலிருந்து பசியோடு வந்தால்
கஞ்சி மூடி வைத்திருக்கும்,
மூடிமேல் ஒரே ஒரு மோர்மிளகாய்.
யார் வைத்தது என்று நான் கேட்டதில்லை.
இந்தா, தே, சின்னவன் பொண்டாட்டி:
இருபத்து மூன்று வருஷம் இவைதான் என் பெயர்கள்.

ரேஷன் கடைக்கு ரேகை மெஷின் வந்த வருஷம்
பத்து விரலையும் வைத்துப் பார்த்தாள்.
சேலையில் துடைத்து, ஊதி,
பக்கத்தில் நின்றவளின் தலையெண்ணெயைத் தொட்டு.
சிவப்பு விளக்கு.
இறால் தலையின் முள்ளும் ஐஸும் தின்றது போக
அந்த விரல்களில் கோடு மிச்சமில்லை.
"நீ இல்லன்னுது ஆயா மெஷினு."
"நா இல்லாமத்தான் இத்தினி பேரு துன்னு வளந்தாங்களான்னு
அத்தக் கேளு."
பையை உதறி என்னைப் பார்த்தாள்.
"சகாயம், நீ வெய்யி கைய."

வரிசையில் யாருக்கும் அது பெரிய விஷயமில்லை.
நான் விரலை மாற்றி வைத்தேன்.

ராத்திரியில் அவள் தலைகளை எண்ணுவதில்லை.
விளக்குப் போடாமல் வாசலுக்குப் போய்
வெறுங்காலால் செருப்புகளைத் தடவுவாள்.
ஜோடி குறைந்தால் தாழ்ப்பாள் விழாது.
நடுமகன் சிகாமணி கன்டெய்னர் லாரியில் போய்ச் சேர்ந்த பிறகும்
அவன் செருப்பு அங்கேதான் கிடந்தது,
அதையும் சேர்த்தால்தான் அவளுக்குக் கணக்கு.
ஒரு மழையில் தெருத்தண்ணி உள்ளே வந்து
எல்லாவற்றையும் இழுத்துப் போனபோது
மற்றவர்கள் பீரோவைத் தூக்கினார்கள்,
இவள் முழங்கால் தண்ணீரில்
கொருக்குப்பேட்டை ரயில்வே கேட் வரைக்கும் போய்
ஒற்றையோடு திரும்பி வந்தாள்.
வார் அறுந்த வலது.

"புதுத் தலைவி யாருன்னு போடறது?"
ஓரகத்தி என்னைப் பார்க்கிறாள்.
நான் அவளைப் பார்க்கிறேன்.
என் வீட்டுக்காரர் வெளியே போன் பேசப் போய்விட்டார்.
"சீக்கிரம் சொல்லுங்கம்மா, லஞ்ச் டைம்."
என்னுடையதை எழுதிக்கொண்டார்கள்.
திரையில் ஒரு வரி போய்
கீழேயிருந்த வரிகள் மேலே ஏறின.
எழுபது ரூபாய், டீக்காசு தனி.

இப்போது மணி பதினொன்றே முக்கால்.
கரண்ட் இருக்கிறது. விளக்குப் போடவில்லை.
காலால் தடவுகிறேன்:
ஆறு ஜோடி,
தேய்ந்த நீல ரப்பர் ஒன்று,
அப்புறம் அந்த ஒற்றை.

தாழ்ப்பாள் போட்டேன்.