தொண்ணூற்றேழு

பர்கூர் கல்யாண வீடியோ
மூன்று தடவையும் ஒரே இடத்தில் நின்றுபோனது:
திம்மராயன் மகள் கழுத்தருகே தாலி,
முடிச்சு விழாமல்.

காவேரிப்பட்டணத்தில் மே மாதம்.
கடைக்குள் ஃபேன் வெந்நீர் தெளிக்கிறது.
ஓசூரிலிருந்து பஸ் பார்சலில் வந்த கூலரைப் பிரித்தேன்.
பழையதைக் கழற்றினால்
காய்ந்து சுண்ணாம்பாகிப்போன பசை,
தகடுகளுக்கிடையே
ஐந்து வருட முகூர்த்தங்களின் தூசி.

புதுப் பசை, துவரம்பருப்பளவு.
நான்கு திருகு. லாரி டயருக்குப் போல
எதிரெதிராக, அரைச் சுற்று, அரைச் சுற்று.
போர்டு முனகியது.
நானும்.

போட்டதும்
தொண்ணூற்றேழு. தொண்ணூற்றெட்டு. நூறு.

மறுபடி நான்கு திருகு.
செம்பு அடிப்பாகத்தில் கண்ணாடிபோல் ஒரு தாள்,
ஓரத்தில் சிவப்பு எழுத்து:
உரித்தபின் மாட்டவும்.

சம்பங்கி டீ வாங்கி வருவதற்குள் உரித்து
வெளிச் சாக்கடையில் போட்டேன்.
இந்த விஷயம் உங்களோடு இருக்கட்டும்.

இப்போது அறுபத்தொன்று.
கூலர் ஒரு விரல் உயரம் அதிகம்,
பெட்டியின் பக்கக் கதவு மூடவில்லை.
முடிச்சு விழுந்தது. இரண்டாவதும்.
மூன்றாவது போடும் நாத்தனார் விரலில்
ஒரு பிளாஸ்திரி.

படம்பிடித்தவள் நான்தான்.
இன்றுதான் பார்க்கிறேன்.