கிடத்திப்போட்டு

சத்துவாச்சாரி, மாடியறை. இரைச்சல் என்று
ஏ.சி.யை நிறுத்திவிட்டார்கள்.
திரையில் மூன்று நீதிபதிகள்; அங்கே பனி.

சாட்சி நாற்பத்தொன்று. பெயர் சொல்லக்கூடாது.
முகாமிலிருந்து ஷேர் ஆட்டோவில் வந்தவர்.
"பிள்ளையைக் கிடத்திப்போட்டு வந்தனான்."

காட்பாடிக்காரி நான். மணிக்கணக்கில் கூலி.
தூங்குகிற குழந்தையைக் கிடத்துவோம்,
பிணத்தையும்.
"உயிரோடா?" கேட்கச் சொன்னது ஹெட்போன்.

வாயெடுத்தேன்.
கரண்ட் போனது.

கீழே ஜெனரேட்டர் இருமி இருமி நின்றது.
இருட்டில் என் மணிக்கட்டைப் பிடித்தார்:
"சூடாத்தான் கிடந்தவன், பிள்ளை."

திரை வந்தது. கேள்வியும்.
"ஞாபகம் இல்லை, ஐயா."

அதைத்தான் மொழிபெயர்த்தேன்.
மன்றத்தில் சொன்னதை மட்டும் சொல்வதாகச்
சத்தியம் செய்திருக்கிறேன்.

படியிறங்கும்போது
ஐந்நூறுக்குச் சில்லறை இருக்கா என்றார்,
ஆட்டோவுக்கு.