ஊதா கோஸ் பிறந்தநாள்

பரிசு எதுவும் வேண்டாம்,
வீட்டு வாசலிலிருந்து
ஒரு கைப்பிடி மண் போதும் என்று
அழைப்பில் எழுதியது நான்தான்.
பன்னிரண்டு பேர் என்பது என் கணக்கு.
நாலாம் வகுப்பு பி பிரிவு மொத்தமும் வந்தது,
தம்பி தங்கைகளை இழுத்துக்கொண்டு.
நாற்பத்தொன்று வரை எண்ணினேன்.
அதற்குள் ஒருவன் கட்டிலுக்கடியில் புகுந்துவிட்டான்.

மண் பரிசோதனை நிலையத்தில்
பதினோரு வருஷமாகக் குடுவை கழுவுகிறவள் நான்.
தெரிந்த வித்தை இது ஒன்றுதான்.
காலையில் டானிங்டன் கடையில்
ஆறு ஊதா கோஸ் கேட்டபோது
"வீட்டுல விசேஷமா?" என்றார்.
"விஞ்ஞானம்" என்றேன்.
ஏழாவதைச் சும்மா போட்டார்.

அண்டாவில் கோஸ் வெந்து
வீடே நாறியது.
தெர்மாமீட்டரை விட்டுப் பார்த்த அஃப்ரின் கத்தினாள்:
"தொண்ணூத்தி நாலுலயே கொதிக்குது!
புக்குல நூறுன்னு போட்டிருக்கு!"
"நம்மூர்த் தண்ணிக்கு அவசரம்" என்றான் எவனோ.
என்னிடம் சரியான விளக்கம் இருந்தது.
சொல்ல மனம் வரவில்லை.

அரவேணு மண் பிஸ்கட் டப்பாவில்.
மிளிதேன் மண் அப்பாவின் ஒற்றைச் சாக்ஸில்.
கெங்கரை மண்ணோடு
அழைக்காத ஒரு மண்புழு.
கட்டபெட்டுப் பிள்ளைகள் அரைமணி தாமதம்.
வளைவில் காட்டெருமை நின்றதாம்,
அது நகரும்வரை
ஜீப்புக்குள்ளேயே சிப்ஸ் தீர்ந்துவிட்டதாம்.

டீ கிளாஸில் மண், மேலே ஊதாச் சாறு.
கலக்கிவிட்டு மூச்சடக்கிக் காத்திருந்தோம்.
ஒவ்வொன்றாக இளஞ்சிவப்பானது.
"வெக்கப்படுது" என்றாள் ஹேமலா.
புளிப்பு மண், தேயிலைக்கு அதுதான் பிடிக்கும் என்றேன்.
"நக்கிப் பாத்தீங்களா ஆன்ட்டி?"
என் படிப்பு அங்கேயே முடிந்தது.

பத்து வயதாகிற நித்திலா
காகிதக் கிரீடத்தோடு கேக்கருகில் நின்றாள்.
ஒருவரும் அந்தப் பக்கம் திரும்பவில்லை.
அவள் முகத்தைச் சோதிக்கச் சாறு தேவைப்படவில்லை.

கடைசியாக எட்வின்.
பேக்கரிக்கு மேலே ஒற்றை அறை.
நாலாக மடித்த நோட்டுத்தாளை
உள்ளங்கையிலேயே வைத்திருந்தான்.
"எங்க வீட்டுக்கு வாசல் இல்ல ஆன்ட்டி.
படிதான்.
அதான் சுவத்தைச் சுரண்டி எடுத்தாந்தேன்."

வேண்டாம் என்று சொல்ல வாயெடுத்தேன்.
அவனே கொட்டினான்.
வெள்ளைப் பொடி அடியில் இறங்கியது,
ஊதா கொஞ்சம் தயங்கியது,
நீலமாகி
பிறகு பச்சை,
மழை விட்ட மறுநாள்
டீத் தோட்டம் காட்டும் அந்தப் பச்சை.

நாற்பது வாயும் மூடிக்கிடந்தது ஒரு நொடி.
பிறகு கூரை போகும்படி ஒரு கூச்சல்.
எல்லோருக்கும் பச்சை வேண்டும்!
ஸ்பூனோடு ஓடினார்கள்
எங்கள் வீட்டுச் சுண்ணாம்புச் சுவரை நோக்கி.
கிரீடத்தைக் கழற்றி எறிந்துவிட்டு
கேக் கத்தியோடு முன்னால் ஓடியவள்
என் மகள்.
எட்வின் பக்கத்தில் நின்று சொல்லிக்கொண்டிருந்தான்:
"மெதுவா, மெதுவாச் சுரண்டணும்,
ஓனருக்குச் சத்தம் கேக்கக் கூடாது."

மெழுகுவத்தியை எப்போது ஊதினோம்,
நினைவில்லை.
ஜன்னல் வழியாக மூடுபனி வந்து
மிச்ச கேக்கைப் பார்த்துவிட்டுப் போனது.
இப்போது தொட்டி நிறைய கிளாஸ்கள்.
கழுவுவது எனக்குப் பழக்கம்தான்.
புழுவை ரோஜாத் தொட்டியில் விட்டாயிற்று.

சுவரில் ஒரு குழந்தை உயரத்துக்கு
காரை தெரிகிறது.
வீட்டுக்காரர் கேட்டால்
ஈரம் என்று சொல்லிவிடுவேன்.
கோத்தகிரியில் அதை
யாரும் சந்தேகப்படுவதில்லை.