மூல நாடு

வெள்ளக்கல்பட்டியில் பஸ்ஸை விட்டிறங்கி
செருப்பை உதறினால்
வெள்ளையாய்ப் பறக்கும்.
அந்தத் தூசி எங்கள் ஊர்ச் சரக்கு.
அதைத் தாண்டிப் போய்
நாற்காலியில் உட்கார்ந்து
லியாவோநிங்கிலிருந்து அதே கல்லை வாங்குவது
என் வேலை.

சுரங்கம் மூடிக் கிடக்கிறது.
வழக்கு, அனுமதி, பிறகு இன்னொரு வழக்கு.
பள்ளத்தில் மழைத்தண்ணீர் பச்சை கட்டி நிற்க
ஆழம் தெரியாமல் பையன்கள் குதிக்கிறார்கள்.
திறந்தாலும் என்ன, என்பார் லேப் தங்கராசு:
"நம்ம கல்லுல சிலிக்கா சாஸ்திங்க.
அவங்கது தொண்ணூத்தேழு, வெலையும் கம்மி.
செங்கல் சூளைல வேகோணும், அவ்வளவுதான்."

மிஸ் ஷான் எனக்கு ஆறு வருடப் பழக்கம்.
எல்லாச் செய்தியும் 'டியர்' என்று தொடங்குவாள்.
விலை ஏற்றும் நாளில் 'டியர் டியர்'.
அவள் மாகாணத்தில் புகைக்குத் தடை என்று
ஒரு வாரம் சூளை அணைத்தால்
மூன்று வாரம் எனக்குத் தூக்கம் இல்லை.
அங்கே யாரோ ஒரு கோப்பில் கையெழுத்திட்டு
ஏற்றுமதியைச் சுருக்கினால்
ஓமலூர் ரோட்டில் நாற்பது பேருக்கு
ஒரு ஷிப்ட் குறையும்.
எங்கள் கலெக்டர்கள் மாறிக்கொண்டே இருக்கிறார்கள்.
அந்தக் கையெழுத்து மாறுவதே இல்லை.

சரக்கு கொழும்பில் இறங்கி ஏறும்.
அங்கே தூக்கி வைக்கும் கிரேனும்
எங்களுடையதுதான் என்றாள் ஒருமுறை,
பெருமைக்கு அல்ல,
தாமதம் ஆகாது என்று
எனக்கு ஆறுதல் சொல்ல.

அந்த ஜூனில்
பனிமலையில் ஆட்கள் செத்தார்கள்.
துப்பாக்கி வெடிக்கவில்லையாம்,
கட்டையும் கல்லும்தானாம்.
கல் என்ற சொல் அன்றைக்கு
வாயில் வேறு மாதிரி உருண்டது.

சென்னையில் எங்கள் பதினோரு பெட்டிகள் நின்றன.
உத்தரவு என்று ஒன்றும் இல்லை.
ஒவ்வொரு மூட்டையையும் பார்க்க வேண்டும் என்றார்கள்,
பார்க்க ஆள் இல்லை என்றார்கள்.
நாள் வாடகை ஓடியது.
ஐந்து ரோட்டில் மாஸ்க் போட்டுக்கொண்டு
செல்போன் உடைத்தவர்களில்
எங்கள் லோடுமேன் குழந்தைவேலுவும் இருந்தான்.
மறுநாள் வாசலில் நின்று கேட்டான்:
"சரக்கு எப்பங்க வரும்? கூலி நிக்குது."

ஷானோடு பேசிய செயலியும்
ஒரு திங்கட்கிழமை ராத்திரி போயிற்று:
ஆறு வருட டியர்கள்,
கையசைக்கும் ஒரு பாண்டா,
பல் விழுந்து சிரிக்கும் அவள் மகள்.

என் கொழுந்தன் மாதையன் எங்கே நிற்கிறான் என்று
அவன் சொல்லக் கூடாது, நாங்கள் கேட்கக் கூடாது.
ஒருநாள் இரண்டு நிமிடம் கிடைத்தது.
"குளிரு" என்றான்.
"ஏற்காட்டுக் குளிரா?" என்றேன், கூறுகெட்டு.
அவன் சிரிப்பு வந்து சேர நேரம் ஆனது.
"எங்க பாத்தாலும் கல்லுதான் அண்ணி.
கோடுதான் எங்கயும் காணோம்."

பத்தொன்பதாம் நாள் பெட்டிகள் வந்தன.
முத்திரை அறுத்து, மூட்டை கிழித்து
தங்கராசு ஒரு கைப்பிடி அள்ளினார்.
விரலிடுக்கில் ஒழுகியது கொஞ்சம்.
வாசலிலிருந்து வந்தது எது,
கப்பலில் வந்தது எது,
கூட்டுகிற அம்மாசிக்கு இரண்டும் ஒரே முறத்தில்.

பதிவேட்டில் ஒரு கட்டம்: மூல நாடு.
எழுதினேன்.
பேனா தயங்கியது என்றால் பொய்.

பிறகு அடுத்த லோடுக்கு விலை கேட்டு
மின்னஞ்சல் அடித்தேன்.
'டியர் ஷான்' என்று தொடங்கி
டியரை அழித்தேன்.
வெறும் ஷான், அதட்டுகிற மாதிரி இருந்தது.
அதையும் அழித்துவிட்டு
டன்னுக்கு எவ்வளவு என்று மட்டும் கேட்டேன்.

காலையில் பதில் இருந்தது.
நாற்பது டாலர் கூடுதல்.
மேலே
ஒரே ஒரு டியர்.