சேடப்பட்டி, மாலை 7.40

ஒப்பந்தத்தில் இருபது எம்பி.
விடியற்காலை மூன்று மணிக்கு, ஊரே தூங்கும்போது
கருவி இருபத்திரண்டு காட்டும்.
அதை மட்டும் அனுப்பு என்கிறார்கள்.

அழகர் இறங்கும் அன்று மட்டும் அளந்தால்
வைகையும் வற்றாத நதிதான்.

நான் மாலையில் அளந்தேன்.
ஊராட்சி ஆபீஸ் சுவரில் அந்தப் பெட்டி
பகல் வெயிலை இன்னும் விடாமல் சுட்டது.
மதில்மேல் வரிசையாகப் பிள்ளைகள்,
முகமெல்லாம் நீலம்.
ஒன்று புள்ளி மூன்று.

எதிரே துணை சுகாதார நிலையம்.
செவிலியர் ஞானசெல்வம் திரையைச் சாய்த்துப் பிடித்திருக்க
மதுரையிலிருந்து மருத்துவர் சொன்னார்:
"அந்த ஊசி வேண்"

வாய் திறந்தபடி நின்றுவிட்டது.

'டும்'மா? 'டாம்'மா?
கட்டிலில் சீனித்தாயின் பிள்ளை
நூற்று மூன்றில் கொதிக்கிறது.
ஞானசெல்வம் என்னைத்தான் பார்த்தார்,
மிச்சத்தை நான் சட்டைப்பையில் வைத்திருப்பதுபோல.

பாக்கெட் இழப்பு இரண்டு சதவீதம்.
படிவத்தின்படி, எல்லைக்குள்.

சாதா போனில் கூப்பிட்டோம்.
மூன்றாம் முறை எடுத்தார்.
வேண்டாமாம்.

சராசரி என்ற கட்டத்தை வெறுமனே விட்டேன்.
குறிப்பு என்ற இடத்தில் எழுதினேன்:
காணாமல் போனது
'டாம்'.