மூன்று வரி இடம்

விண்ணப்பப் படிவத்தின் ஒன்பதாம் கேள்வி:
கணிதப் பிரிவை ஏன் தெரிவுசெய்தீர்?
மூன்று வரி இடம்.

கொட்டாஞ்சேனை. எனக்குப் பதின்மூன்று வயது.
இரண்டு குடும்பத்துக்கு ஒரே மின்மானி.
மேல்வீட்டில் குளிரூட்டி. எங்களுக்கு ஒரு விசிறி,
அதுவும் மூன்றாம் இலக்கத்தில் சுற்றாது.
பட்டியல் வந்தால் சரிபாதி.
அலகு கூடக் கூட விலையும் படியேறும் என்பது
அப்பாவுக்குத் தெரியாது. கேட்கக் கூச்சம்.
பட்டியலின் முதுகில் பென்சிலால் பிரித்துக் காட்டினேன்.
மரியநாயகம் ஐயா கண்ணாடி மாட்டி
மேலிருந்து கீழாக ஒருமுறை,
கீழிருந்து மேலாக ஒருமுறை பார்த்தார்.
பேசாமல் அறுநூற்று நாற்பது ரூபா எடுத்துத் தந்தார்.
அடுத்த மாதம் வாடகையைக் கூட்டினார்.
அது வகுத்தலின் பிழையல்ல.

பிறகு வெள்ளவத்தை.
டியூஷன் விட்டால் கடலோரத் தண்டவாளம்.
மாத்தறைக் கோச்சி ஊதிக்கொண்டு வரும்,
என்னைத் தாண்டிய கணமே குரல் இறங்கிப்போகும்.
களைப்பு என்றுதான் நினைத்திருந்தேன், கோச்சிக்கும்.
பௌதிக வகுப்பில் ஒருநாள் பலகையில் அலைகள்:
முன்னால் நெருங்கி, பின்னால் விலகி.
உள்ளே இருப்பவருக்கு ஒலி மாறுவதே இல்லையாம்.
அன்று இறங்கவேண்டிய பஸ் தரிப்பைத் தவறவிட்டேன்.

இதையெல்லாம் எழுத முடியுமா?
பொறியியலாளராகி நாட்டுக்குச் சேவை செய்ய
என்று எழுதினேன்,
பக்கத்து மேசை யசோதினியைப் பார்த்து.
அவளும் யாரையோ பார்த்திருப்பாள்.

இரண்டு வரி மிஞ்சியது.
அழிக்கக்கூடிய பென்சிலால்
ஒரு கோச்சி வரைந்தேன்.
முன்னால் நெருக்கமாய்க் கோடுகள்.
பின்னால் விலகிப் போவதற்கு
இடம் போதவில்லை.